வாய் திறக்காத ரேடியோக்காரன்

"ஏலே ஜீவமணி, ஆகாசத்துல வேற கிரகமே இல்லையா? அந்தப் பிள்ளையைக் கொண்டுபோயிச் செவ்வாயிலயா எறக்குவ?"

வீரபாகு அண்ணாச்சி கடிதக் கட்டை மேஜைமேல் போட்டார். கட்டு அவிழ்ந்து, பாதி மைக்கூட்டின் மேலும் பாதி தரையிலும் சிதறியது.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"என்ன ஆச்சா? செவ்வாய் தோஷம்னாலே எவனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். இவ செவ்வாயிலயே போயி நிக்கா. இவளை எவன் கெட்டுவான்? நாப்பது பேரு கேட்டு எழுதியிருக்கான். ஆறுமுகநேரியிலேருந்து ஒரு அம்மா பரிகாரமே எழுதி அனுப்பியிருக்காவ."

"இது விஞ்ஞானக் கதை அண்ணாச்சி."

"விஞ்ஞானம் அது பாட்டுக்கு நடக்கட்டும். கல்யாணமும் நடக்கணும்லா? அடுத்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணு."

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. ஜீவமணிக்கு வயது இருபத்தொன்பது. சாத்தான்குளத்துக்காரன். பகலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ஸியின் கிளார்க். தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணுவது வேலை. வேலை முடிந்ததும் அண்ணாச்சியின் 'கடல்முரசு' வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினான். கதையின் பெயர் 'செவ்வாய்ச் சலாபம்'. மன்னார்க் கடலில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. சர்க்கார் ஆட்கள் அவ்வப்போது படகில் போய்ப் பார்ப்பதும், சிப்பி இல்லை என்று திரும்புவதுமாக இருந்தார்கள். ஊருக்கே அது ஓர் ஏக்கம். அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கி.பி. 2048-இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு விண்கப்பலைச் செவ்வாய்க் கிரகத்துக்கு முத்துக்குளிக்க அனுப்பிவிட்டான் ஜீவமணி.

கப்பலில் மூன்றே பேர். கேப்டன் வீரசிங்கம், விஞ்ஞானி தாரகை, ஒரு ரேடியோக்காரன். ரேடியோக்காரனுக்குப் பெயர் கிடையாது. அவன் தாரகையை நினைத்து உருகுவான். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டான். பெயர் வைத்தால் எங்கே அகப்பட்டுக்கொள்வோமோ என்று ஜீவமணிக்குப் பயம்.

அகப்பட்டுக்கொள்ள வேண்டிய இடம் அச்சகத்தின் ஜன்னலோரத்து மேஜை. சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அங்கே கிருபை வந்து உட்காருவாள். நாசரேத்துப் பெண், தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அண்ணாச்சி கேட்டுக்கொண்டதற்காகப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக் கொடுத்தாள். சிவப்புப் பென்சிலை அவள் பிடித்திருப்பதைப் பார்த்தால், தப்பு செய்ததற்கு வருத்தமே வராது.

ஜீவமணி வேண்டுமென்றே தப்பு செய்வான். அத்தியாயத்துக்கு மூன்று இடத்தில் 'ப்' போடாமல் விடுவான்.

"ஸார், 'கப்பலை பார்த்தாள்'னு எழுதியிருக்கிய. நடுவுல ப் வேணும்லா?"

"ஆமா டீச்சர், வேணும்."

"போன வாரமும் இதையேதான் விட்டிய."

"மறந்துபோகுது டீச்சர்."

ஆறு மாதமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். அதற்காகச் சனிக்கிழமை ஒரு மணிக்கே மூட்டைக் கணக்கை முடித்து, குழாயடியில் முகம் கழுவி, வெயிலில் ஒன்றரை மைல் நடந்து வருவான். மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம்தான். சொல்லி, அவள் 'இல்லை' என்றுவிட்டால்? அந்தச் சனிக்கிழமையும் போய்விடும். ஒரு 'ப்' விஷயமாவது மிச்சம் இருக்கட்டும் என்று இருந்துவிட்டான்.

அண்ணாச்சி கேட்டபடி தோஷத்துக்கு ஒரு வழி பண்ண ஜீவமணி ஒரு இயந்திரத்தைக் கண்டுபிடித்தான். உடம்புச் சூட்டை அளக்க வெப்பமானி. விதியை அளக்க விதிமானி. பித்தளைச் சக்கரங்கள் சுழன்று, ஒரு காகித நாடாவில் நடக்கப்போவதை அடித்துத் தள்ளும். அது தாரகையைப் பற்றி அடித்தது: 'கேப்டனை மணப்பாள்.'

ஜீவமணியின் திட்டம் வேறு. நாலு வாரம் கழித்து ரேடியோக்காரன் துணிந்து பேசுவான், தாரகை அவனைத் தேர்ந்தெடுப்பாள், விதிமானி வெடித்துச் சிதறும். விதியாவது ஒன்றாவது, மனிதன் நினைத்தால் மாற்றலாம் என்று அதைப் படிக்கிற ஒருத்திக்காவது தெரியும்.

ஆனால் அண்ணாச்சி புல்லரித்துப் போனார். "பிரமாதம்! தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு. கேப்டனும் செவ்வாயிலதான இருக்கான்!"

அச்செழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் இசக்கியப்பன் எழுத்துப் பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "ரேடியோக்காரனும் அங்கனதான அண்ணாச்சி இருக்கான்?"

"அவனுக்குப் பேரே இல்லையேடா. பேரில்லாதவனுக்கு எதை வச்சுப் பொருத்தம் பாக்க?"

அந்த வாரம் கிருபை திருத்திய புரூஃபின் ஓரத்தில் சிவப்பில் ஒரு வரி இருந்தது: 'ரேடியோக்காரன் இங்கே ஏதாவது சொல்ல வேண்டாமா?'

ஜீவமணி அதை நாலு தடவை படித்தான். தமிழ் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அந்த இடம் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது என்று பட்டது. பேனாவை எடுத்துச் சேர்த்தான்: '"ம்" என்றான் ரேடியோக்காரன்.'

கிருபை அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கேப்டனுக்கும் தாரகைக்கும் கல்யாணம் எப்போது என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இசக்கியப்பன் அந்தச் சேதியைச் சொன்னான். எழுத்து கோத்துக்கொண்டே, சோற்றுக்குக் குழம்பு கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான்.

"டீச்சரம்மாவுக்கு மாப்பிள்ளை வந்திருக்காம். செல்வதுரைன்னு நாசரேத்துப் பையன். கண்டியில தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற வேலையாம். குளுந்த ஊரு, பங்களா, ரோசாப்பூத் தோட்டம்."

"முடிவாயிட்டா?"

"இன்னும் இல்லையாம். பேச்சு நடக்கு."

மறுநாள் ஞாயிறு. அதற்கு மறுநாள் துறைமுகத்தில் ஜீவமணி ஒரே தோணி மூட்டையை மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. தோணிக்காரர், "சாரு இன்னைக்கு இந்த ஒலகத்துல இல்ல" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாலும் உண்மை அதுதான். ஜீவமணி செவ்வாயில் இருந்தான். ரேடியோக்காரன் எப்பேர்ப்பட்ட மனிதன் என்பதை இந்த வாரமே காட்டிவிட வேண்டும்.

அப்படித்தான் அந்தக் கயிறு அத்தியாயம் வந்தது. செவ்வாய்க் கடலில் கேப்டன் முத்துக்குளிக்க இறங்குகிறான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் ரேடியோக்காரன். விட்டுவிட்டால் கேப்டன் போனான், தாரகை இவனுக்கு. ஆனாலும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேப்டனை மேலே இழுத்துப் போடுகிறான். இதைப் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் அவன் மனது விளங்கிவிடும்.

இதழ் வெளிவந்த மறுநாள், சங்கு குளிக்கிற இனிகோ அச்சகத்துக்குள் வந்தான். தலையில் உப்பு பூத்திருந்தது. கையில் 'கடல்முரசு'.

"கதை எழுதுறவரு யாரு?"

"நான்தான்."

"ஒரு சந்தேகம். கேப்டன் எறங்குதான். கயிறு ரேடியோக்காரன் கையில. சரிதான?"

"சரிதான்."

"எங்கள்ல கடலுக்குள்ள எறங்குறவன் கயிறை யாருகிட்டக் குடுப்பான், தெரியுமா? பொண்டாட்டி கூடப்பெறந்தவன்கிட்ட. வேற எவன்னாலும் கைய விட்டுருவான். மச்சினன் விடமாட்டான். தங்கச்சி தாலி அறுந்துரும்லா?"

"அதனால?"

"என்ன அதனால? கேப்டனைக் கெட்டிக்கப் போறவ தாரகை. கயிறைப் பிடிச்சவன் அவ அண்ணன். கடக்கரை பூரா இதான் பேச்சு. நல்ல முடிச்சுப் போட்டிருக்கிய ஸார்! எப்ப அவுக்கப் போறியன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் ஜீவமணியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். ஜீவமணி அப்படியே மூங்கில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஆறு மாத ஏக்கம் ஒரே அத்தியாயத்தில் அண்ணன் தங்கை பாசமாகிப் போயிற்று.

சனிக்கிழமை கிருபை வந்தாள். குடையை மடித்து வைத்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஸார், எங்க பள்ளிக்கூடத்துல கடக்கரைப் பிள்ளையள் ஒண்ணு சொல்லுது. ரேடியோக்காரன் தாரகைக்கு அண்ணனா?"

"இல்லை!"

அவன் போட்ட சத்தத்தில் இசக்கியப்பன் கோத்து வைத்திருந்த எழுத்தெல்லாம் கொட்டிப் போயிற்று.

கிருபை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "அண்ணன் இல்லைன்னா, பிறகு யாரு?"

காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷின்கூட நின்றிருந்தது. கீழே குனிந்து எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்த இசக்கியப்பன் பொறுக்குவதை நிறுத்தினான். ஜீவமணி மேஜைக்கு ஓர் அடி நெருங்கினான். அவள் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அது... அடுத்த வாரம் வரும் டீச்சர்."

"சரி ஸார்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டாள் கிருபை.

அடுத்த வாரம் ஜீவமணி அந்தக் கறையைத் துடைத்துவிட்டான். ரேடியோக்காரன் ஓர் அனாதை, தாய் தகப்பன் தெரியாதவன், உடன்பிறந்தார் யாரும் இல்லை என்று அழுத்தந்திருத்தமாக எழுதினான். இனி எவனும் அண்ணன் என்று சொல்லமுடியாது.

வந்த கடிதங்கள் அறுபத்திரண்டு. அத்தனையும் ஒரே குரலில் பேசின. அனாதையா? அப்படியானால் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் தொலைந்துபோன அண்ணன்தான். காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், தாரகையின் தோளிலும் அவன் தோளிலும் ஒரே மாதிரி மச்சம் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்.

"ஏலே, மச்சத்தைச் சேத்துரு" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அவன் அண்ணன் இல்லை. அவன் அவளை விரும்புதான்."

"அவன் எங்கலே சொன்னான்? முப்பது வாரமா 'ம்'னு ஒரு சத்தம் குடுத்திருக்கான். அவ்வளவுதான். நாப்பது வருஷம் ஆனாலும் அவன் வாயைத் திறக்கப் போறதில்ல." அண்ணாச்சி கணுக்காலைச் சொறிந்துகொண்டார். "அதுவும் இல்லாம காகிதம் வேற கெடைக்க மாட்டேங்கு. கிறிஸ்மஸ் இதழோட கதையை முடிச்சிரு. கேப்டன் கல்யாணத்துல முடி. ஊரு சந்தோசமாப் படிக்கும்."

கிறிஸ்மஸ் இதழுக்கு இரண்டே சனிக்கிழமைகள் இருந்தன.

முதல் சனிக்கிழமை, புரூஃபெல்லாம் முடிந்த பிறகும் கிருபை எழுந்திருக்கவில்லை. பென்சிலைச் சீவினாள். கூர்மையாக இருந்ததையே மறுபடி சீவினாள்.

"கடைசி அத்தியாயம் எழுதியாச்சா ஸார்?"

"இன்னும் இல்ல."

"விதிமானி சொன்னபடிதான் முடியுமா?"

"அப்படித்தான் அண்ணாச்சி கேக்காவ."

"அண்ணாச்சியைக் கேக்கல. விதிமானி சொன்னது மாறாதா?"

"மாறலாம் டீச்சர். யாராவது மாத்தினா."

"யாரு மாத்தணும்? தாரகையா?"

"அவளும் மாத்தலாம்."

"அவ எப்படி மாத்துவா? அவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கவே இல்லையே" என்றாள் கிருபை. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "கேக்காத கேள்விக்கு ஒருத்தி என்ன பதில் சொல்லுவா?"

கதையில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது தனக்கு இதுவரை தெரியவில்லையே என்று ஜீவமணி வியந்தான். என்ன நுட்பம்!

"நீங்களே சொல்லுங்க டீச்சர். எப்படி முடிச்சா நல்லா இருக்கும்?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் புரூஃப் பாக்கிறவ ஸார். எழுதுறது நீங்க."

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த தன் அறையில் ஜீவமணி அந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தான். முதலில், ரேடியோக்காரன் பேசுவதாகவே ஆரம்பித்தான். 'தாரகை, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்' என்று ஒரு வரி. அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஜன்னல் வழியே உப்பு மூட்டைகள் தெரிந்தன. கண்டியில் ஜன்னலைத் திறந்தால் ரோசாப்பூ தெரியும். அந்தச் செல்வதுரை நல்லவனாகவும் இருப்பான். இப்படிப்பட்ட விஷயங்களில் எதிராளி நல்லவனாக இருந்து தொலைப்பதுதான் வழக்கம். மூட்டை எண்ணுகிறவன் குறுக்கே விழுந்து என்ன பண்ண? அவள் இத்தனை நாள் கேட்டதெல்லாம் கதையைப் பற்றித்தான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா?

அந்த வரியை அடித்தான். புதிதாக எழுதினான். ரேடியோக்காரன் தாரகையின் கையைப் பிடித்துக் கேப்டன் கையில் கொடுக்கிறான். 'இதுதான் விதி. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்' என்கிறான். அவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, செவ்வாயில் தன்னந்தனியாக நின்று, பூமிக்குக் கல்யாணச் செய்தியை ரேடியோவில் சொல்கிறான். கதை முழுவதிலும் அவன் வாய் திறந்து பேசியது அன்று மட்டும்தான்.

எழுதி முடித்தபோது ஜீவமணி அழுதுவிட்டான். தன் எழுத்துக்குத் தானே அழுவதில் ஒரு சுகம் இருந்தது. இவ்வளவு உயர்ந்த மனம் தனக்கு இருப்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் மூன்று இடத்தில் 'ப்' விட்டு வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை கிருபை அந்தப் புரூஃபை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். சிவப்புப் பென்சில் ஒரு தடவைகூடக் காகிதத்தில் படவில்லை. ஜீவமணி எதிரே நின்றான், ப் ப் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள.

"தப்பு ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல ஸார்."

"மூணு இடத்துல 'ப்'..."

"இருக்கட்டும் ஸார். அப்படியே போகட்டும்."

அவள் காகிதங்களை அடுக்கி, மேலே பென்சிலை வைத்துவிட்டுப் போனாள். தன் எழுத்தின் உருக்கத்தில் இலக்கணமே மறந்துவிட்டாளே என்று ஜீவமணிக்குப் பெருமையாக இருந்தது. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பெருமை அதுவரைதான் தாங்கியது.

கிறிஸ்மஸ் இதழ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடற்கரையில் சத்தமாக ஒருவர் படிக்க, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தேம்பி அழுததாகவும், அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று இனிகோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதாகவும் இசக்கியப்பன் வந்து சொன்னான். கிருபை அதற்குப் பிறகு அச்சகத்துக்கு வரவில்லை. அவள் தகப்பனார்தான் வந்தார், கல்யாணப் பத்திரிகை அடிக்க.

அந்தப் பத்திரிகையின் புரூஃபைப் பார்க்க ஆள் இல்லாததால் ஜீவமணியே பார்த்தான். ஒரு பிழையும் விடவில்லை.

ஜனவரியில் நாசரேத்துக் கோயிலில் கல்யாணம். அண்ணாச்சி விடாமல் இழுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டுப் பந்தலில், ஜீவமணி இலைக்கு முன்னால் உட்கார்ந்து அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை செல்வதுரை அவனைத் தேடிக்கொண்டு வந்தான். சிவந்த முகம், பெரிய சிரிப்பு. பயந்தபடியே நல்லவனாக இருந்தான்.

"நீங்கதான் 'செவ்வாய்ச் சலாபம்' எழுதினவரா?"

"ஆமா."

"உங்ககிட்ட ஒரு சண்டை போடணும் ஸார்" என்று செல்வதுரை ஜீவமணியின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "ஒரு கதையை இப்படியா இழுப்பிய? மூணு மாசமா நாங்க பொண்ணு கேட்டுக் கேட்டு எழுதுதோம். எத்தனை கடுதாசி போட்டாலும் மாமா வீட்டுலேருந்து ஒரே பதில்தான்: 'ரேடியோக்காரன் என்ன சொல்லுதான்னு பாத்துட்டுத்தான் பிள்ளை முடிவு சொல்லுவாளாம்.'"